மூன்றாவது ரோஸி

ஜூன் 6, வெள்ளி

வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த மலையாளத்து ஷாஜி டாக்டர், கூடவே வீட்டுப்பாடமும் கொடுத்துவிட்டார். தினமும் என்ன சாப்பிட்டேன், எப்போது எரிந்தது என்று எழுதிவைக்க வேண்டுமாம். எந்தச் சாப்பாடு எனக்கு எதிரி என்று அதைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிடுவாராம். "சுருக்கமா எழுதினா மதி, போதும்" என்றார். ஊரில் அத்தனை கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்தவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அதை மட்டும் கேட்கக் கூடாது.

காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, வத்தக்குழம்பு. இரவு தோசை.

எரிச்சல்: மாலை ஷோ முடிந்ததும். வத்தக்குழம்புதான்.

நோயாளி யார் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டாமா? பெயர் சங்கரபாண்டி. ஊர் சங்கரன்கோவில். பிழைப்பு வளைகுடாவில். பெரிய ஹோட்டல் ஒன்றின் உள்ளே, ஜன்னலே இல்லாத ஹாலில் நடக்கும் டால்ஃபின் ஷோவுக்கு நான் அறிவிப்பாளன். மேடையில் என் பெயர் கேப்டன் ராக்கி. வெள்ளைத் தொப்பி, தோளில் தங்கப்பட்டை எல்லாம் உண்டு. கப்பலைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. வெள்ளிக்கிழமை மாலையில் தமிழ் ஷோ. ரோஸி, டைகர் என்று இரண்டு டால்ஃபின்கள். அவை குதிக்கும், பந்து உதைக்கும், வாலை ஊன்றித் தண்ணீரில் நடக்கும். நான் ரோஸிக்கு எங்கள் ஊர்ப் பெண்குரலில் பேச்சுக் கொடுப்பேன். "ஏ ராக்கி, நான் மீனுக்குக் குதிக்கேன். நீ எதுக்குக் குதிக்க?" என்று ரோஸி கேட்கும். "விசாவுக்கு!" என்பேன். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கும். அவர்களும் அதற்குத்தானே குதிக்கிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

லீவு. மிளகாய் பஜ்ஜி, எண்ணிக்கை டாக்டருக்கு வேண்டாம். எரிச்சல் இல்லை. ஆச்சரியம்தான்.

ஜூன் 13, வெள்ளி

காலை பொங்கல். மதியம் தயிர்ச்சோறு. ஷோவுக்குப் பின் எரிச்சல். தயிர் புளித்திருந்தது.

ஷோ முடிந்து படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு தஞ்சாவூர்க்காரர், "இதுக இங்க சந்தோசமாத்தான் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆயத்தப் பதில் உண்டு. "மூஞ்சியைப் பாருங்க சார், எப்படிச் சிரிக்குது! நம்ம ஆபீஸ்ல யாராவது இப்படிச் சிரிச்சுக்கிட்டு வேலை செய்யறாங்களா?" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே ரோஸியோடு படம் எடுத்துக்கொண்டு போனார்.

பயிற்சியாளர் லிலியா பக்கத்திலேயே நின்றாள். உக்ரைன்காரி, சிரிப்பைச் சேமித்துவைக்கிற ஜாதி. என்ன சொன்னாய் என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன். "அது சிரிப்பு இல்லை, தாடை எலும்பு. அழுதாலும் அப்படித்தான் இருக்கும்" என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஒரு கானாங்கெளுத்தியின் செவுளைத் திறந்து உள்ளே மாத்திரையைச் செருகினாள். ரோஸிக்கு வயிற்றுப்புண்ணாம். அட்டையை வாங்கிப் பார்த்தேன். நான் சாப்பிடுகிற அதே மாத்திரை. எனக்கு மீனில் வைத்துத் தருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரோஸிக்கு வத்தக்குழம்பு யார் கொடுத்தது என்று கேட்டேன். லிலியா சிரிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஊரில் இருக்கும் மனைவி கோமதியிடம் போனில் பேசினேன். வெள்ளிக்கிழமை வீடியோவை அனுப்பியிருந்தேன். அவள் ரவிக்கை தைக்கிறவள். தையல் மிஷினில் போனைச் சாய்த்துவைத்துப் பார்ப்பாளாம்.

"என்னங்க, ரோஸி ஏன் ஒரே பக்கமா சுத்திக்கிட்டு இருக்கு?"

"தண்ணிக்குள்ள அதுக்கு என்ன பக்கம்?"

"டைகரு அங்கிட்டும் இங்கிட்டும் போகுது. இவ மட்டும் செக்குமாடு மாதிரி சுத்துதா. மொதுகுத் துடுப்புல வேற, அந்தப் பழைய கிழிசல் பக்கத்துல தோலு வெளுத்துருக்கு. பாத்தீகளா இல்லியா?"

பார்க்கவில்லை. நான் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவன், குளம் எனக்கு முதுகுப்புறம். அதைச் சொன்னேன். "நல்ல பொருத்தம்" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

இன்று எழுத நிறைய இருக்கிறது. சாப்பாடு: கேன்டீன் சாம்பார். எரிச்சல்: பலமாக. கேன்டீன் சாம்பாரில் என்னதான் போடுகிறார்களோ.

ரோஸி குதிக்கவில்லை. லிலியா விசில் ஊதினாள், கையைக் காட்டினாள், மீனைக் காட்டினாள். ரோஸி மூலையில் மரக்கட்டை மாதிரி மிதந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தது. ஹால் நிறையக் கூட்டம். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. மைக் பிடித்தவனுக்கு மௌனத்தைப் போல விரோதி கிடையாது. வாயில் வந்ததை எடுத்துவிட்டேன்.

"ரோஸிக்கு ஊர்ல இருந்து மாமியார் போன் பண்ணிருக்காக. அதான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கா!"

ஹால் அதிர்ந்தது. லிலியா மறுபடி விசில் ஊத, ரோஸி இன்னும் கொஞ்சம் மூலைக்குள் போனது. "பாத்தீகளா, மாமியார் லைனை இன்னும் கட் பண்ணல!" இந்த ஷோவுக்கு நான் வந்து இத்தனை காலத்தில் இவ்வளவு பெரிய சிரிப்பைக் கேட்டதில்லை.

மேனேஜர் ஜெரால்டு சார் உள்ளே வந்து முதுகில் தட்டினார். தூத்துக்குடிக்காரர். "ஓய் பாண்டி, அருமை வே! அந்த மாமியார் மேட்டரை நிரந்தரமா வச்சுக்கிடும். ரோஸி குதிச்சாலும் பத்து நிமிசம் சும்மா மிதக்க விடச் சொல்லுதேன்."

பாராட்டுக் கிடைத்த நாளில் இந்தச் சாம்பார் இப்படிச் செய்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

ரோஸி காலையில் இறந்துவிட்டது.

ஜூன் 25, புதன்

கஞ்சி.

ஜூன் 28, சனி

வாசலில் 'பராமரிப்புப் பணி' என்று பலகை வைத்திருக்கிறார்கள். வெளியே யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. எனக்கு வேலை இல்லை. இருந்தாலும் ரூமில் உட்கார முடியாமல் குளத்துப் பக்கம் போனேன்.

லிலியா கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். டைகர் குளத்தின் ஓரமாகப் போய்ப் போய் ஒரே சீழ்க்கையைத் திரும்பத் திரும்ப அடித்தது. மேலே ஏறி, வளைந்து, சட்டென்று அறுந்துபோகிற சீழ்க்கை. "அது ரோஸியின் பெயர்" என்றாள் லிலியா. ஒவ்வொரு டால்ஃபினும் சின்ன வயதிலேயே தனக்கென்று ஒரு சீழ்க்கை வைத்துக்கொள்ளுமாம். கூட இருப்பவை அதைச் சொல்லித்தான் கூப்பிடுமாம். டைகர் நாலு நாளாக ரோஸியைக் கூப்பிடுகிறது.

நான் பலகுரல் கலைஞன். ஆடு, மாடு, அமைச்சர், மாமியார் எல்லாம் பேசுவேன். மூன்று வருடம் ரோஸிக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். இந்தச் சத்தம் அதுதான் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை அடித்துப் பார்த்தேன். சரியாக வந்துவிட்டது. டைகர் விருட்டென்று என் பக்கம் திரும்பி நீந்தி வந்தது. என் முகத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இனிமேல் அதை அடிக்காதே என்றாள் லிலியா. சொல்லியிருக்க வேண்டாம், நானே அடித்திருக்க மாட்டேன்.

கோமதியிடம் ரோஸி நலம் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது. அதற்காகத்தான்.

ஜூலை 5, சனி

புது டால்ஃபின் வந்துவிட்டது. பெண். ஏதோ ஒரு நாட்டுக் கடலில் பிடித்து, ஈரத்துணி சுற்றி, விமானத்தில் ஏற்றி, பெட்டியோடு இறக்கினார்கள். என்னையும் இப்படித்தான் கொண்டுவந்தார்கள், ஈரத்துணி மட்டும் கிடையாது.

"பேரு என்ன சார்?" என்று கேட்டேன்.

"ரோஸிதான்."

"ரோஸிதான் செத்துப்போச்சே சார்."

ஜெரால்டு சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஓய், போஸ்டர் ரோஸி, பொம்மை ரோஸி, டீ-சர்ட் ரோஸி. எல்லாத்தையும் போயி மாத்தவா? நீரு பாத்த ரோஸியே ரெண்டாவது ரோஸிதான். முதல் ரோஸி நீரு வாரதுக்கு முந்தியே போயிட்டு. யாராவது கண்டுபிடிச்சானா? நீரே மூணாவது ராக்கிதானவே! இந்தத் தொப்பி உம்ம தலைக்கா தைச்சது?"

அது உண்மை. தொப்பி முதல் நாளே கொஞ்சம் லூஸாக இருந்தது. உள்ளே காகிதம் மடித்துவைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். தன் அப்பா கடலுக்குப் போன கதையைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் டால்ஃபினுக்கு ஓங்கல் என்று பெயர். ஓங்கல் வலையில் மாட்டினால் அவர் அப்பா வலையை அறுத்து விட்டுவிடுவாராம். புது வலையாக இருந்தாலும் யோசிக்க மாட்டாராம்.

"நல்ல மனுசன் சார்" என்றேன்.

"நல்ல மனுசன்தான். வலைய அறுத்து அறுத்தே கடைசிவரைக்கும் ஓலை வீட்டுல கெடந்தாரு. நான் அறுக்கல. பிள்ளை டாக்டருக்குப் படிக்கா." பிறகு காலித் தம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்தார்.

ஜூலை 9, புதன்

புதுசு சாப்பிடவில்லை. கடலில் ஓடுகிற மீனைத் துரத்திப் பிடித்துத் தின்றதாம். செத்த மீன் சாப்பாடு என்பதே அதற்குத் தெரியவில்லை. லிலியா மீனை நீட்ட, அது தன் பாட்டுக்கு வேறொரு சீழ்க்கை அடித்தது. குட்டையாக, மூன்று துண்டாக. டைகர் பதில் சொல்லவில்லை.

நான் இன்று கேன்டீனில் சாம்பாரை ஒதுக்கிவிட்டு ரசம் மட்டும் சாப்பிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

ஷாஜி டாக்டரிடம் இந்த நோட்டின் சாப்பாட்டுப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவர் நெற்றியைச் சொறிந்தார்.

"பஜ்ஜி கழிச்சப்போ எரிச்சல் இல்லா. வெள்ளிக்கிழமை தயிர்ச்சோறுக்கு எரிச்சலா? வெள்ளிக்கிழமை வேற என்ன கழிக்கும்?" அவர் மொழியில் கழிப்பது என்றால் சாப்பிடுவது.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்."

"ஷோ இல்லாத இந்த வாரமும் எரியுது?"

"ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருக்கேன் டாக்டர்."

அவர் மாத்திரையை இரண்டு வேளையாக்கினார். நல்ல டாக்டர், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் விவரம் போதாது.

ஜூலை 19, சனி

ஒத்திகை வீடியோவைக் கோமதிக்கு அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. உடனே போன் வந்தது.

"இது யாரு?"

"ரோஸி."

"என்னங்க, நான் அளவு நாடா இல்லாம ஆளப் பாத்தே ரவிக்கை வெட்டுதவ. இவ ரோஸி இல்ல. துடுப்புல அந்தக் கிழிசல் இல்ல."

"ஆறிருச்சு."

"கிழிஞ்ச துணியே ஒட்டுப் போடாம ஒண்ணு சேராது. ரோஸி எங்க?"

"லைட் வெளிச்சத்துல உனக்கு அப்படித் தெரியுது கோமதி."

தையல் மிஷின் சத்தம் நின்றது.

"செத்துட்டாளா?"

எங்கள் கல்யாணத்திலிருந்து இன்றுவரை என் வாய் இப்படி மூடிக்கொண்டதை அவள் பார்த்ததில்லை.

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா, எனக்கும் இப்படித்தான் ஒருத்தியக் கொண்டாந்து கோமதின்னு நிறுத்துவீகளா?"

அவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டாள். வைக்கும்போது மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. எனக்கும் கண் எரிந்தது. ஏ.சி. அதிகம்.

ஜூலை 22, செவ்வாய்

வெள்ளிக்கிழமை மறுதிறப்பு. ஜெரால்டு சார் கேட்ட வசனம்: 'ரோஸி லீவு முடிஞ்சு ஊருல இருந்து வந்துட்டா!' எழுதி முடிக்க அரை நிமிடம் போதும். காலையிலிருந்து எழுதுகிறேன்.

சொல்ல மாட்டேன் என்றால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். இந்த வயதில் ஊருக்குப் போய் மறுபடி மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருக வருக என்று அலற வேண்டும். அது கேவலமில்லை. ஆனால் அங்கே இப்போது பையன்கள் லேப்டாப்பில் எல்லாம் செய்துவிடுகிறார்கள். என்னை யார் கூப்பிடுவார்?

அதோடு, நான் சொல்லாவிட்டால் நாலாவது ராக்கி வந்து சொல்லுவான். புதுசுக்கு அதனால் ஒரு துளி கடல்கூட கூடுதலாகக் கிடைக்காது. இப்படி நியாயம் எழுதிப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலும் இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

ஹால் நிறைந்து வழிந்தது. எல்லாரும் தெரிந்த முகங்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள். "ரோஸி! ரோஸி!" என்று தாளம் போட்டார்கள். இன்று முதன்முறையாக, பேசுவதற்கு முன் திரும்பிக் குளத்தைப் பார்த்தேன். புதுசு குளத்துக் கதவோரத்தில், சத்தத்துக்குப் பயந்து, பாதி மூழ்கி நின்றது.

லீவு வசனம் தொண்டைவரை வந்தது. வாயில் வந்தது வேறு. அதுவும் ரோஸியின் குரலில்.

"நான் ரோஸி இல்ல மக்கா. ரோஸி செத்துப்போச்சு. அது மாதிரியே இருக்கேன்னு என்னயக் கடல்ல இருந்து புடிச்சாந்துட்டாங்க!"

சிரித்தார்கள். மாமியார் ஜோக்குக்குச் சிரித்ததைவிட அதிகமாக. ஒருவர் விசிலடித்தார். "நெசமாத்தான் மக்கா, செத்துப்போச்சு" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, இந்தாளு!" என்றார்.

எனக்கு வேலை போகவில்லை. பாராட்டுத்தான் கிடைத்தது. "கெட்டிக்காரன்வே நீரு!" என்றார் ஜெரால்டு சார். "எனக்கு முதல்ல திக்குன்னு ஆயிட்டு. பொறவு பாத்தா ஜனம் உருளுது. வாராவாரம் வச்சுக்கிடும். சிரிப்பாச் சொன்னா எதையும் சொல்லலாம்."

ஜூலை 27, ஞாயிறு

கோமதியாகவே போன் செய்தாள். வீடியோவை யாரோ பொதுவில் போட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டாள்.

"சொல்லிட்டீகளே, அது வரைக்கும் சரி" என்றாள். "ஆனா அத ஏன் அது குரல்ல சொன்னீக? உங்களுக்குன்னு ஒரு குரல் கெடையாதா?"

"இருக்கு. அதுல பேசுனா யாரு சிரிப்பா?"

"நான் அந்தக் குரலக் கேட்டுத்தான் உங்களக் கட்டிக்கிட்டேன். என்ன, சிரிச்சுக்கிட்டா இருந்தேன்?"

"வேலை போயிரும் கோமதி."

"போகட்டும். இங்க பட்டனுக்குக் காஜா எடுக்க ஆள் இல்ல. கையில ஊசி குத்துனா கத்தக் கூடாது, அது ஒண்ணுதான் சட்டம்."

ஆகஸ்ட் 2, சனி

தொப்பியைக் காலையிலேயே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். திங்கள்கிழமை விமானம். ஜெரால்டு சார் திட்டவில்லை. கதவுவரை வந்தார். "எங்கப்பன் மாதிரியே முட்டாப்பயவே நீரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். லிலியா கையை இறுக்கிக் குலுக்கினாள். அவள் போகவில்லை. தானும் போய்விட்டால் புதுசுக்கு மீன் கொடுப்பவர்கள் யார் என்று கேட்டாள்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். கூட்டம் வந்தது. சென்ற வார ஜோக்கைக் கேள்விப்பட்டு வந்தவர்களே அதிகம். நான் மைக்கை எடுத்து, இசையை நிறுத்தச் சொன்னேன். சங்கரபாண்டியின் குரலில் பேசினேன். அது கொஞ்சம் கம்மியிருந்தது, அதிகம் பழக்கமில்லை.

"என் பேரு ராக்கி இல்லைங்க, சங்கரபாண்டி. நீங்க பாத்துப் பழகுன ரோஸி ஜூன் மாசம் செத்துப்போச்சு. அதுக்கு முந்தியும் ஒரு ரோஸி செத்துருக்கு. அன்னைக்கு மாமியார் போன்னு நான் சொன்னேனே, அப்ப அது சாகக் கிடந்துச்சு. நாம சிரிச்சோம். நான்தான் சிரிக்கவச்சேன்."

சிலர் சிரித்தார்கள். ஜோக் இன்னும் வரவில்லை போல என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். நான் எதுவும் சேர்க்கவில்லை. சிரித்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மைக் பிடித்த நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த மௌனம் அதுதான். அப்படியே விட்டுவிட்டேன்.

சில குடும்பங்கள் எழுந்து போயின. ஒருவர் டிக்கெட்டைக் காட்டிச் சத்தம் போட்டார். பின்வரிசையில் ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும், ஜம்ப் எப்ப?" என்று கேட்டார். மைக்கை அணைத்துவிட்டார்கள். தொண்டை மட்டும் மிச்சம்.

அப்போது முன்வரிசையில் இருந்து, சென்ற வாரம் கண்ணைத் துடைத்துச் சிரித்த அதே அம்மாள் எழுந்து கண்ணாடித் தடுப்பருகே வந்தார். கதவோரத்தில் நின்ற புதுசை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இதுக்கு என்னங்க பேரு?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "அதுக்குத் தெரியும்."